நூல் செய்தற்கு அதிகாரம் யாது?

நூலொன்று கைக்கு வருங்கால், அதனை இயற்றினார் யாவர், எவர்பாற் கற்றார், யார் இசைவு பெற்றார் என முதற்கண் வினவுதல் நம்மனோர் வழக்கம். பாயிரமில்லா நூலை நூலென்று கொள்ளாத மரபிற் பயின்றோம் ஆகலின், அவ்வழக்கம் குற்றமன்று. ஆயினும் இறைவனைப்பற்றி உரைத்தற்குரிய அதிகாரம் பிறர் தரப் பெறுவதோ, உரைப்பார் உள்ளத்தே விளைவதோ என்னும் ஐயம் எழுகின்றது. இதனைப் புறச்சமயத்தார் ஒருவர் வரலாறு கொண்டு ஆராய்வாம். நம்மவர்மாட்டு எழும் பற்று ஆண்டுக் குறுக்கிடாது.

இங்கிலாந்து தேயத்தில் கி. பி. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் மகளிர் சமயநூல் எழுதி வெளியிடுதல் அரிதாயிருந்தது. சபையின்கண் பெண்டிர் பேசாதிருத்தல் வேண்டும் என்னும் பவுலின் கட்டளை அவர்க்குப் பெருந்தடையாயிற்று. எட்டாம் ஹென்றி மன்னன் தேவி காதரீன் பார், 1545-இல் தம் பெயராலேயே பிரார்த்தனை நூலொன்று வெளியிட்டார். அரசிக்கு அஃது இயலும். ஏனையோர் என் செய்வர்?

எலிசபெத் ஜோசிலின் என்னும் அம்மையார், மேற்றிராணியாராகிய தம் பாட்டனார் இல்லத்தே வளர்ந்து கல்வி பெற்றவர். 1622-இல் கருவுற்றிருந்த காலை, மகப்பேற்றில் தாம் இறத்தல் கூடுமென அஞ்சினார். தமக்குரிய பிணப்போர்வையை மறைவாக வாங்குவித்தார். பிறவாத மகவை முன்னிலைப்படுத்தி, துயிலெழுந்தவுடன் இறைவனை வழுத்துதல், செருக்கொழிதல், ஓய்வுநாளைத் தூய்தாகக் காத்தல் முதலியன எழுதினார். அவ்வாண்டு அக்டோபரில் பெண்மகவு பிறந்தது. ஒன்பது நாள் கழித்துத் தாய் இறந்தார். அவர் பேழையிலிருந்து கிடைத்த அவ்வேடு, தாமஸ் கோட் என்னும் குருவின் இசைவுரையோடு 1624-இல் அச்சேறிற்று. நம் வழக்கிற் கூறின், அவ்விசைவுரை அதற்குச் சிறப்புப்பாயிரம்.

ஈண்டு ஒருசாரார், 'இவர் தம் மகவிற்கே எழுதினார், உலகிற்கன்று. ஆகலின் அவ்விலக்கு இவரைச் சாராது. தாய்மையே இவர்க்கு அதிகாரம்' என்பர். அது பொருந்தாது. தாய்மை பேசுதற்கு இடந்தந்தது; பேச்சிற்கு உண்மை தந்ததன்று. கோட் என்பார் உரையும் நூலை ஊரறியச் செய்ததேயன்றி மெய்யாக்கிற்றில்லை. மகவிற்கு உரைத்த நிலையாமையை அம்மையார் முன்னரே தம்மேல் ஏற்றுக்கொண்டார். போர்வையை வாங்கிவைத்த கையே ஏட்டையும் எழுதிற்று. சொல்லுமுன் சொல்லுக்குத் தாம் அடங்குதலே அதிகாரமென்பது எம் துணிபு.

இனி, இவர்பாற் காணும் குறையை மறைத்தல் நேர்மையன்று. பிறப்பது பெண்ணாயின், வேதம் ஓதுதல், மனையறம், எழுத்து, நற்செயல் என்னும் இவை போதும், பிற கல்வி வேண்டா எனத் தம் கணவர்க்கு எழுதினார்; கற்றமகள் வேண்டுமென அவர் விரும்பின், அதனையும் அவர்பாலே விட்டார். தாம் பெற்ற கல்வியாலன்றோ இந்நூல் எழுந்தது? அக்கல்வியையே மகட்கு ஐயுற்றமை எண்ணுந்தோறும் வருத்தந் தருகின்றது.

இதற்கு மறுதலையாக நின்றார் மார்கரெட் பெல் என்பார். குவேக்கர் கூட்டத்தினராகிய இவர், சமயங்காரணமாகச் சிறையிலிருந்த காலத்தே, 1666-இல் பெண்டிர் பேசுதல் தகுமென ஒரு நூல் வெளியிட்டார். கிறித்து உயிர்த்தெழுந்த செய்தியை முதலிற் கொணர்ந்தார் பெண்டிரன்றோ என்று வேதங்கொண்டே வாதித்தார். முன்னவர் விலக்கினுள் அடங்கிநின்று எழுதினார். பின்னவர் விலக்கின் பொருளையே ஆராய்ந்தார். முன்னவர் பணிவு போற்றத்தக்கது. ஆயினும் ஆராயப்படாத விலக்கு தாயிடமிருந்து மகளுக்கு அப்படியே இறங்கும் என்பதற்கு அவர் ஏடே சான்று. ஆதலின் பின்னவர் செய்ததும் வேண்டற்பாலதே.

யாமும் அறுபது யாண்டு கடந்தேம். பாயிரமும் பாடஞ்சொன்னார் பெயரும் இல்லாமை நோக்கிப் படியாமலே ஒதுக்கிய சுவடிகள் சில உள. அவற்றுள் பெண்பாலார் எழுதியனவும் இருந்தன. அவை நல்லனவோ அல்லனவோ, யாம் அறியேம்; அறிய முயலாமையே எம் பிழை. எவர் இசைந்தார் என வினவுதல் தவறன்று. அவ்வினாவோடு நூலை மூடிவிடுதலே தவறு. சொன்னவர் சொல்லின்கண் நின்றாரா என்பதையும் ஒருங்கு வினவுதல் கற்றார் கடனாம்.