உயிர்க்கிரங்கிய மூதாட்டியார்



பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளை நாடோறும் பேசுகின்றோம். பாசத்தாற் கட்டுண்ட உயிரனைத்தும் பசுவே. எறும்பினும் யானையினும் உறைவது ஆன்மாவே. வினைக்கீடாக உடம்பு வேறுபட்டது, ஆணவமலக்கட்டு ஒன்றே. இதனை வாதத்தில் நிலைநாட்டுவார் பலர். வாழ்க்கையில் நடத்திக்காட்டிய மூதாட்டியார் ஒருவரை இன்று நினைவுகூர்கின்றேன்.

அவர் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் மதுரையிற் பிறந்தவர். தாயிழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சொக்கநாதப்பெருமான் தாய்ப்பன்றியாகி வந்து பாலூட்டிய பதி அஃது. கலாக்ஷேத்திரம் கண்ட பரதக்கலைச் செல்வியாகவே உலகம் அவரை அறியும். பிரமஞான சபையைச் சார்ந்த அவர், நம் சாத்திரங்களை முறையாகப் பாடங்கேட்டவரல்லர். கேட்ட நமக்கன்றோ நாணம் வேண்டும்!

1952-இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். வாயில்லா உயிர்களை வதைத்தலைத் தடுக்க ஒரு மசோதாவைத் தாமே கொணர்ந்தார். அரசாங்கமே அதனை ஆராய்ந்து சட்டமியற்றும் என்று பிரதமர் நேரு உறுதி கூறவே, மீட்டுக்கொண்டார். 1960-இற் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்திற்கு முதற்றலைவராகி, முதுமையினும் அப்பணியில் நின்று, 1986 பிப்ரவரி 24-இல் தமது 81-ஆம் அகவையில் மறைந்தார்.

அச்சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஒரு சமயத்தார் தம் சமயம் வேண்டுமாற்றாற் செய்யுங் கொலையைக் குற்றமன்றென விலக்கிவைத்தது. அரசியற்சட்டம் கோயில்வாயில்வரையே வரும். அதற்கு உள்ளே நின்று ‘இது தகாது’ என்றற்குரியார் யாவர்? சேய்ஞலூர் விசாரசருமர், ஆயன் ஆவை அடிக்கக்கண்டதும் அவனை விலக்கி, நிரைமேய்க்குந் தொழிலைத் தாமே ஏற்றார். தத்துவம் பேசி நின்றாரல்லர்.

‘விலங்கு தன் முன்வினையை நுகர்கின்றது, நாம் இடைபுகுவதேன்?’ எனிற் கூறுதும்: நுகர்வது அதன் பிராரத்தமாகுக, அடிக்கின்ற கை ஈட்டுவது ஆகாமியம். அதனை நுகரப்போவார் நாமே.

இவ்விடையை அடியேன் காலந்தாழ்த்தே கற்றேன். இளமையில் ஒரு திருவிழாச் சொற்பொழிவு கேட்க மாட்டுவண்டியிற் சென்றோம். நுகத்தடியின்கீழ் ஓர் எருதின் கழுத்துப்புண்ணிற் குருதி வடிந்தது. இறங்கி நடப்போமா என்றேன். உடனிருந்த பெரியவர், ‘அஃது அதன் வினை’ என்றார். அமர்ந்தே சென்றேன். அன்று கேட்ட சொற்பொழிவில் ஒரு சொல்லும் இன்று நினைவில் இல்லை, அப்புண் இருக்கின்றது.