கருவிப்பற்றும் கருவிக்கடனும்

திருச்சிற்றம்பலம்

உயிர், தான் நாடோறும் எடுத்தாளும் கருவியின்மேற் பற்று வைத்தல் இயல்பு. அப்பற்றும், அக்கருவி காரணமாக உயிர்க்கு உளதாகும் கடமையும் ஒன்றோ வேறோ என்பது ஆராயத்தக்கதொரு வினா. உழவன் ஏரின்மேலும், தச்சன் உளியின்மேலும், எழுதுவோன் எழுத்தாணியின்மேலும் வைத்த பற்றினை நம் முன்னோர் அறிவர். இக்காலத்து நம்மனோர் பலர் கணினியின்மேலும், அதனினும் நுண்ணிதாக அதன் இயங்குதளத்தின்மேலும் அத்தகைய பற்றுடையராய் ஒழுகுகின்றனர். யானும் அவருள் ஒருவனாயிருந்து, அதனாற் பிறர்க்குத் தீங்கு விளைத்தவன். ஆகலின் இவ்வினாவை முதற்கண் எனக்கே விடுத்துக்கொண்டு, சித்தாந்த முறைபற்றி ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றேன்.

இயங்குதளம் யாதெனின், கணினியின் உறுப்புக்களுக்கும், அதனைக் கையாளும் மாந்தனுக்கும், அவன் வேண்டுந் தொழில்களைச் செய்யும் பிற மென்பொருள்களுக்கும் இடைநின்று அனைத்தையும் ஒழுங்குற நடத்தும் அடிப்படை மென்பொருளாம். விசையைத் தட்டியவுடன் அதனை ஏற்று உரிய இடத்திற் சேர்ப்பது அது. எழுதியதனைப் பதித்து வைத்து, வேண்டியபோது எடுத்துத் தருவதும் அது. பொறிகளுக்கும் உயிருக்கும் இடைநிற்கும் அந்தக்கரணங்களோடு இதனை ஒருபுடை ஒப்பிடலாம். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அவை நான்கும் மாயையின் காரியமாகிய சடங்களே. ஆயினும், உயிர்க்கு மிக அணுக்கமாய் நிற்றலின், உயிர் அவற்றையே தானென மயங்குகின்றது. வீட்டையும் ஆடையையும் தன்னின் வேறெனக் காண்பவனும் தன் மனத்தைத் தன்னின் வேறெனக் காண்பதில்லை. அதுபோலக் கணினிப் பெட்டியை மாற்ற நேருங்கால் வருந்தாதவரும், பழகிய இயங்குதளம் மாறுங்காற் கையொன்று போயினாற்போல் வருந்துகின்றனர். என்னை? பெட்டி புறத்தே நிற்பது. இயங்குதளமோ, எங்குத் தொட்டால் எது வரும் என்னும் பழக்கமாய் விரலினும் நினைவினும் ஊறிக் கிடப்பது. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்று மெய்கண்ட நூல்கள் கூறும் உண்மைக்கு இதுவும் ஒரு சான்றென்க.

யான் விருதுநகரிற் பள்ளியொன்றில் தமிழாசிரியனாயிருந்தபோது, 2006-ஆம் ஆண்டில், என்பாற் பயின்ற மாணவரொருவர் எனக்கொரு கணினி அமைத்துத் தந்தார். அதிலிருந்தது விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளம். அது 2001-இல் வெளிவந்தது. இளமையில் திருமடமொன்றில் ஆசிரியர் திருமுன்னிருந்து சிவஞான சித்தியார்க்குக் கேட்ட பாடக் குறிப்புக்கள் பழுப்பேறிய ஏடுகளிற் கிடந்தன. அவற்றை மாலைதோறும் அக்கணினியில் எழுதிவந்தேன். யான் ஆண்ட எழுத்துரு தனக்கெனத் தனிக்குறியீடு உடையது. அஃதில்லாத கணினியில் அக்குறிப்புக்கள் உருத்தெரியாக் குறிகளாய்த் தோன்றும். இத்தகைய குழப்பத்தை ஒழுங்குசெய்தற்கென்றே 1999 பிப்ரவரியிற் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடிற்று. 2010-இல் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது. இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் யான் மாறினேனல்லேன்.

2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு, அவ்வியங்குதளத்தை ஆக்கிய நிறுவனம் அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திக்கொண்டது. “ஐயா, இனி இதற்குக் காப்பில்லை, வேறொன்று இட்டுத் தருகின்றேன்” என்று மாணவர் வேண்டினார். “இதனைக் காத்தல் என் பொறுப்பு, நீ கவலற்க” என்று விடை கூறினேன். நாடோறும் தூசு துடைத்தேன். உறை தைத்துப் போர்த்தேன். பேரனையும் அதனருகே அணுகவிட்டிலேன். பொறுப்புடையவன் என்னும் எண்ணம் எனக்கு நிரம்ப இருந்தது.

2016-ஆம் ஆண்டு ஆவணித் திங்களில், சிவகாசியிலுள்ள அச்சகமொன்றிற்கு, மறு ஆண்டு நாட்காட்டியில் இடுதற்பொருட்டு நாயன்மார் குருபூசை நாட்களைத் தொகுத்துக் கொண்டு சென்றேன். பென்டிரைவ் என்னும் சிறுகருவியில் அத்தொகுப்போடு, யான் அறியாமல் என் கணினியிற் குடிகொண்டிருந்த வைரஸ் என்னுந் தீநிரலும் உடன் சென்றது. அச்சகத்தில் வடிவமைக்குங் கணினிகள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டன, கோப்புக்கள் மறைந்தன, தகடு எடுக்க இயலாமல் அச்சுப்பொறி நின்றது. இரண்டாம் நாள் செய்தி கேட்டு ஆண்டுச் சென்றேன். தாள் அடுக்கிக் கட்டும் பெண்டிர் சிலர் உணவுத் தூக்குடன் வாயிலினின்றும் திரும்பிக்கொண்டிருந்தனர். கட்டுக் கணக்கிற் கூலி பெறும் அவர்க்கு வேலையில்லையேற் கூலியுமில்லை. என்னை இன்னானென்றறியாத ஒருவர், “மிஷின் ஓடலைங்கய்யா, யாரோ கொண்டுவந்த பென்டிரைவால எல்லாம் கெட்டுப்போச்சாம், நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க” என்று கூறிச் சென்றார். அவர் கூறிய யாரோ யானே என்று கூற எனக்கு நா எழவில்லை.

“இதனைக் காத்தல் என் பொறுப்பு” என்று முன்னர்க் கூறிய சொல்லை அன்றிரவு ஆராய்ந்தேன். யான் எதனைக் காத்தேன்? தூசியினின்றும் பெட்டியைக் காத்தேன். மாற்றத்தினின்றும் என் பழக்கத்தைக் காத்தேன். என் கணினியோடு தொடர்புறும் பிற கணினிகளையும், அவற்றால் உண்டு வாழ்வாரையும் ஒருகாலும் நினைந்திலேன். ‘எனது’ என்னும் புறப்பற்றுப் ‘பொறுப்பு’ என்னும் பெயர்பூண்டு என்னுள் நின்றது. இருள் பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டி நிற்கும். ஆணவமோ தன்னையும் மறைத்து நிற்கும் என்பது உமாபதி சிவனார் திருவருட்பயனில் உணர்த்திய உண்மை. பற்று, பற்றெனவே தோன்றுமாயின் அதனை நீக்க முயலலாம். அது கடமையெனத் தோன்றுமிடத்து, நீக்குதற்கு மாறாக அதனைப் போற்றி வளர்ப்போம். எனக்கு நேர்ந்தது இதுவே.

பொறுப்பின் இயல்பை அறியச் சிவகாசி வட்டாரத்தார் நெடுந்தொலை செல்லவேண்டுவதில்லை. 1923-இற் கல்கத்தாவிலிருந்து தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்ட அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவரால் இவ்வூரில் இத்தொழில் வேரூன்றிற்று. பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. பட்டாசு ஆலையில் அறைகள் ஒன்றற்கொன்று இடைவெளிவிட்டு அமைக்கப்படும். ஓரறையுள் இத்துணைப் பேரே இருத்தல்வேண்டும் என்னும் வரையறையுண்டு. கலந்த மருந்தை மீதம் வைத்து இரவைக் கடத்தலாகாது. இவ்விதிகளெல்லாம் மருந்தின்மேல் அன்பு வைத்தமையால் எழுந்தனவல்ல. ஓரறையின் பிழை மற்றோரறையின் உயிரைக் கொள்ளும் என்னும் அறிவால் எழுந்தன. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதின்மேற்பட்டோர் மாண்டனர். அவருள் அவ்வாலையில் வேலை செய்யாமல், உதவ ஓடிவந்தோரும் உளர். உயிரிழப்போடு கணினியின் பழுதை நிறுத்து ஒப்பிடுவது தகாது. அதனை யான் செய்யவில்லை. தன் அறைக்குள் தான் செய்வது தன்னோடு ஒழியும் என்னும் எண்ணம் பொய் என்னுமளவிற்கே இவ்வுவமையைக் கொள்க.

கணினியிலும் இம்முறைமையே காணப்படும். 2017 மே 12-ஆம் நாள் பரவத் தொடங்கிய வன்னாக்ரை என்னுந் தீநிரல், நூற்றைம்பது நாடுகளில் இரண்டு லட்சத்தின் மேற்பட்ட கணினிகளைப் பற்றிற்று. பிரித்தானியாவில் மருத்துவமனைகள் நோயாளர்க்குக் குறித்த நாட்களைத் தள்ளிவைக்க நேர்ந்தது. அது நுழைந்த மடையை அடைக்குந் திருத்தம், அந்நாளில் ஆதரவிலிருந்த இயங்குதளங்கட்கு மார்ச்சுத் திங்களிலேயே வெளிவந்திருந்தது. அதனை இட்டுக்கொள்ளாத கணினிகளின் வழியே தீங்கு பிறர்பாற் சென்றது.

அற்றேல், ‘இயங்குதளம் சடப்பொருளன்றோ? அறிவில்பொருளுக்கு அறிவுடைப்பொருள் கடன்படுமாறு எங்ஙனம்?’ எனின், கடன் கருவிக்கன்று. கருவிவழியாகத் தொடர்புறும் உயிர்கட்கே என்பது விடை. திருக்கோயில் விளக்கிற்கு நெய் வார்ப்பவன் அகலுக்குக் கடன்பட்டவனல்லன். இருளில் வழிபட வருவார்க்கும், அவர் வழிபடும் பெருமானுக்கும் கடன்பட்டவன். ஆயினும் அகலைக் கழுவாது விடுவானேல் அக்கடனிற் பிழைத்தவனாவான்.

‘பற்றில்லையேற் பேணுதல் எங்ஙனம் நிகழும்? தன்னுடையது என்று எண்ணாத பொருளை யார் காப்பார்?’ என்று பின்னும் வினவுவார் உளர். இது வலிய வினாவே. இதற்கு விடை நம் அப்பரடிகள் வரலாற்றில் உளது. அடிகள் திருக்கை உழவாரப்படையை நீங்கியதில்லை. சென்ற தலந்தோறும் திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கியது அப்படையே. அதனிற் சிறக்கப் பேணப்பட்ட கருவி பிறிதில்லை எனலாம். திருப்புகலூரில் அவ்வுழவாரம் நுழைந்த இடந்தோறும் பொன்னும் நவமணியும் தோன்றியபோது, அடிகள் அவற்றைப் பருக்கைக் கல்லோடு ஒப்ப உழவாரத்தாலேயே வாரி வாவியில் எறிந்தமை பெரியபுராணத்துட் கூறப்படும். கருவியை ஒருநாளும் கைவிடாதவர், கருவி தமக்கு ஈட்டித் தருவதனை ஒரு நொடியும் கைக்கொண்டாரல்லர். பற்றென்பது பொருளைத் தன்பால் இழுப்பது. அன்பென்பது தன்னைப் பிறர்பாற் செலுத்துவது. கருவியைப் பேணுதற்கு அன்பு போதும், பற்று வேண்டுவதில்லை.

இனி, விடவேண்டியதனை விட்டாலன்றிக் காக்கவேண்டியதனைக் காத்தலும் இயலாதென்பதற்கு ஓலைச்சுவடிகள் சான்று. ஓலை நிலையாதது, உரிய காலத்திற் புதிய ஓலையிற் படியெடுத்தாலன்றி நூல் நிலைபெறாது. நம் பகுதிக்கு அணித்தாகிய கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிற் பழஞ்சுவடி தேடிச் சென்ற உ. வே. சாமிநாதையரவர்கள், அங்கிருந்த சிதைந்த ஏடுகள் நெய்யில் தோய்க்கப்பெற்று வேள்வித் தீயில் இடப்பட்டமை கேட்டு வருந்திய செய்தியை ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் எழுதியுள்ளார். படியெடுத்த பின்னர்ப் பழைய ஏட்டைத் தீயிலிடினும் இழப்பில்லை. படியெடாது, ஏட்டைப் புனிதமென்று போற்றியதனால் எழுத்து மாய்ந்தது.

அச்சகத்து நிகழ்ச்சிக்குப் பின்னர் என் மாணவரை அழைத்து, பழைய தளத்தை நீக்கி, லினக்ஸ் அடிப்படையிலமைந்த இயங்குதளம் ஒன்றை இடச்செய்தேன். குறிப்புக்களை ஒருங்குறிக்கு மாற்றியபோது எழுத்துக்கள் பல இடங்களிற் பிறழ்ந்தன. முதலிலிருந்து வரிவரியாக ஒப்புநோக்கவேண்டியதாயிற்று. எட்டுத் திங்கள் சென்றன. அவ்வொப்பு நோக்கிற் கணினி செய்த பிழைகளேயன்றி யான் செய்த பிழைகளும் வெளிப்பட்டன. ஓரிடத்தில் ஆசிரியர் கூற்றையும் என் கருத்தையும் பிரிக்குங் குறி விடுபட்டு, என் கருத்தே ஆசிரியர் கருத்தாய் நின்றது! மாறாதிருந்திருப்பேனாயின், அப்பிழையோடே அவற்றை அடுத்த தலைமுறைக்கு விட்டுச் சென்றிருப்பேன்.

லினக்ஸ் என்பது பின்லாந்தில் மாணவராயிருந்த லினசு டோர்வால்ட்சு 1991-இல் தொடங்கி, பின்னர்ப் பல நாட்டார் கூடி வளர்த்தது. அதன்மேல் 1993-இல் எழுந்த டெபியன் என்னும் அமைப்பில் ஒவ்வொரு மென்பொருட் பொதியும், ஊதியம் கருதாத் தன்னார்வலரின் பொறுப்பில் இருக்கும். இனித் தம்மால் இயலாது எனக் காணும் ஒருவர், அதனைப் பலரறியத் தெரிவித்துவிடுகின்றார். அப்பொதி அனாதை என்று பட்டியலில் எழுதப்படும்; இயன்ற வேறொருவர் அதனை ஏற்றுக்கொள்வர். டெபியனை அடிப்படையாகக் கொண்டே சி-டாக் நிறுவனத்தார் பாஸ் என்னும் இந்திய இயங்குதளத்தை ஆக்கி 2007-இல் வெளியிட்டனர். தமிழ்நாட்டரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளிலும் அஃது இடம்பெற்றது. இயலாமையைக் கூறி ஒப்படைத்தலும் பொறுப்பின் ஒரு கூறு என்பதனை நூல்களிற் கற்றிருந்தும், அவர் செய்கையைக் கண்டபின்னரே தெளிந்தேன். என் புதிய தளத்தின் தமிழ்ப் பட்டியொன்றில் ஒற்றுப்பிழை கண்டு, திருத்தம் எழுதியனுப்பும் முறையைப் பேரனிடங் கேட்டறிந்து அனுப்பினேன். முன்னர் அவனை அணுகவொட்டாது விலக்கிய கையே அன்று அவன் காட்டிய இடத்திற் சென்றது.

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 என்னும் தளத்திற்கும் பொது ஆதரவு நிறுத்தப்பட்டமையின், யான் நின்ற இடத்தில் இன்று பலர் நிற்கின்றனர். அவர்க்கு யான் கூறத்தக்கது ஒன்றே. ‘இதனை யான் காக்கின்றேன்’ என்று எண்ணுங்கால், யார்பொருட்டு என்று தம்மை வினவுக. ‘பிறர்பொருட்டு’ என்று விடை வருமேல், இதனை நாளை மாற்றவோ ஒப்படைக்கவோ நேரின் இசைவேனா என்று பின்னும் வினவுக. இசையாது நெஞ்சு பின்னிடுமேல் ஆண்டு நிற்பது கடனன்று, பற்று. தனு, கரணம், புவனம், போகம் அனைத்தும் இறைவன் உயிர்க்கு மாயையினின்றும் ஆக்கித் தந்த அடைக்கலப் பொருள்கள். அவற்றைத் தூயவாய்ப் பேணி, கேட்கும்போது ஒப்படைத்தலே நமக்குரியது. சிறுகருவியொன்றில் இதனைப் பழகாதவன், உடம்பை ஒப்படைக்கும் நாளில் யாது செய்வான்?

அப்பெண்டிர்க்குரிய இரண்டு நாட்கூலியை யான் கொடுக்கச் சென்றபோது அச்சகத்தார் முதலில் வாங்க மறுத்தனர். பின்னர் என் வேண்டுகோட்கிசைந்து தீபாவளிக்கு முன் அவர்க்கே பகிர்ந்தளித்தனர். ஆயினும் யார் கொடுத்தது, ஏன் கொடுத்தது என்பதனை அவர்க்கு அறிவிக்கவேண்டாமென்று அந்நாளில் யானே கேட்டுக்கொண்டேன். அதுவும் பிழையே. அன்று எழாத நாவிற்கு ஈடாக இவ்வெழுத்து நிற்க. எம்பெருமான் திருவருள், அவரை நேரிற் கண்டு கூறும் துணிவையும் எனக்கு அளிப்பதாக.

திருச்சிற்றம்பலம்