கையின் குற்றமா, கண்ணின் குற்றமா?

பகையில்லாத ஒருவனை அடிப்பது தகுமா? 1975இல் வோல்ட்டர் ஹில் இயக்கிய ‘ஹார்ட் டைம்ஸ்’ என்ற அமெரிக்கத் திரைப்படம் இக்கேள்வியை எம்முன் வைக்கிறது.

கதை நிகழ்வது 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில். சரக்கு ரயிலேறி வரும் சேனி (சார்ள்ஸ் புரொன்சன்), நியூ ஓர்லியன்ஸ் நகரில் பந்தயப் பணத்துக்காகக் கையுறையின்றிச் சண்டையிடுகிறான். தேவைக்குக் காசு சேர்ந்ததும் விலகிவிடவே எண்ணுகிறான். ஆனால் அவனது கூட்டாளி ஸ்பீட், சூதாடிக் கடன்பட்டு ஆபத்தில் சிக்குகிறான். அவனை மீட்கவே சேனி கடைசி முறை மோதுகிறான்.

கூட்டாளியைக் காத்தது தருமமே. ஆயினும் அடிபட்டு வீழ்ந்தவன் செய்த குற்றம் என்ன? அவனும் கூலிக்கு வந்தவன்தானே! நோவு சண்டையிட்ட இருவருக்கும். சுற்றி நின்று பந்தயம் கட்டியவர்களுக்கோ ஒரு கீறலும் இல்லை. இருவரையும் மோதவிட்டது அவர்களது பணமே. எனவே பாவத்தின் பெரும்பங்கு அவர்களையே சேரும் என்போம்.

நடிப்பென்று அறிந்து படம் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பள்ளிக்கூட மைதானத்தில் இருவர் அடிபடும்போது சுற்றி நின்று கைதட்டிய எம் பிள்ளை, “நான் அடிக்கவில்லையே” என்று சொன்னால், அந்த விடையை நாம் ஏற்கலாகாது. கைதட்டலும் ஓர் அடிதான் என்பதைப் பிள்ளைகளுக்கு அன்போடு எடுத்துச் சொல்வோமாக.