ஜக்காத் கடமையாகாத வாலிபருக்கு என்ன கடமை?

“ஹழ்ரத், எங்களுக்கு வருமானமுமில்லை, நிஸாபுமில்லை. ஏழைகள் விஷயத்தில் எங்கள் மீது என்னதான் கடமை?”

சென்ற ரமலானில் தராவீஹ் முடிந்ததும் கல்லூரி வாலிபர் ஒருவர் நம்மிடம் இப்படிக் கேட்டார். “சம்பாதிக்கத் தொடங்கியதும் கொடுங்கள், தம்பி” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். வீடு திரும்பியபின் அந்தப் பதில் நம்மையே உறுத்தியது.

‘அல்மாஊன்’ அத்தியாயத்தை நாம் தொழுகையில் அடிக்கடி ஓதுகிறோம். ஏழைக்கு உணவளிக்காதவனை அது கண்டிப்பதாகவே எண்ணுகிறோம். உற்றுக் கவனித்தால், உணவளிக்கும்படி தூண்டாதவனையே அங்கு அல்லாஹ் கண்டிக்கிறான். அல்ஹாக்கா, அல்ஃபஜ்ரு அத்தியாயங்களிலும் இதே கண்டனம் வருகிறது. கொடுக்கப் பணம் வேண்டும். தூண்டுவதற்கு நாவும் நெஞ்சுரமும் போதும். கையில் காசில்லாத வாலிபரும் இதிலிருந்து தப்ப முடியாது.

நபித்துவத்திற்கு முன், பெருமானார் (ஸல்) அவர்களுக்கு ஏறத்தாழ 20 வயது. யமன் நாட்டு ஸபீதிலிருந்து வந்த வணிகரிடம் சரக்கை வாங்கிக்கொண்ட ஆஸ் இப்னு வாயில் விலையைத் தர மறுத்தான். அவன் மக்காவின் பெரும்புள்ளி. வணிகர் அபூகுபைஸ் மலைமீதேறி முறையிட்டார். பின்பு அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் சில குலத்தார் கூடி, அநீதியிழைக்கப்பட்டவரின் உரிமை மீளும்வரை ஒன்றாய் நிற்பதென உடன்படிக்கை செய்தனர். அதுவே ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’. பெருமானார் (ஸல்) அவர்களும் அந்த அவையில் இருந்தார்கள். வணிகருக்கு எவரும் தர்மம் கொடுத்தனுப்பவில்லை. அவருடைய உரிமையையே மீட்டுக் கொடுத்தார்கள். இஸ்லாம் வந்தபின்னும் இத்தகைய உடன்படிக்கைக்கு அழைத்தால் ஏற்பதாக நபியவர்கள் கூறியுள்ளார்கள்.

மறுவாரம் அவ்வாலிபரை அழைத்து இதைச் சொன்னோம். உடனே அவர் கேட்டார்: “ஜக்காத்தை வாரி வழங்கும் நம் மஹல்லா முதலாளி, கடைப் பையன்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருக்கிறாரே, ஹழ்ரத்! அவரிடம் யார் பேசுவது?”

நாம் வாயடைத்துப் போனோம். மதரஸாவின் நன்கொடைப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. அன்று அஸருக்குப்பின் வாலிபர்கள் சிலருடன் சென்று, தனிமையில், மரியாதையுடன் பேசினோம். பாக்கியில் பாதி வந்தது. நன்கொடை நின்றுபோயிற்று. எனினும் அந்தப் பையன்களின் வீட்டில் அடுப்பெரிந்ததே!

பெற்றோர்களே! கூலி கிடைக்காதவனுக்காகவும், ரேஷன் அட்டைக்கு அலையும் விதவைக்காகவும் பேசப் புறப்படும் பிள்ளையை, “உனக்கேன் ஊர்வம்பு?” என்று அடக்கிவிடாதீர்கள். நிதானமும் கண்ணியமும் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.

வல்ல நாயன் நம் வாலிபர்களுக்கு அந்த நெஞ்சுரத்தையும், நமக்கு அவர்களைத் தடுக்காத மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.