ஒரே வேலை, வேறு வேறு மனிதர்கள்

பிடித்த வேலையைத் தேடிக்கொள், மகிழ்ச்சி தானாக வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம்மில் பெரும்பாலோர் கிடைத்த வேலையைச் செய்கிறவர்கள். அதிலும் பெரும்பகுதி நேற்றுச் செய்ததையே இன்றும் செய்வது. அதற்குள் மகிழ்ச்சி உண்டா என்றுதான் கேட்க வேண்டும். உண்டு என்று நான் நம்ப முதல் காரணம், மதுரை டாக்டர் ஜி. வெங்கடசாமி.

எட்டயபுரம் பக்கத்துக் கிராமத்தில் 1918-இல் பிறந்தவர். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து, மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டார். படித்து முடித்துச் சில ஆண்டுகளுக்குள் முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது, விரல்கள் கோணிப்போயின. அந்த ஆசையை விட்டுவிட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்தார். கோணிய விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகினார். ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல், தம்பி தங்கைகளைச் சேர்த்துக்கொண்டு 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார். ஆசைப்பட்டு வந்த துறை அல்ல அது. பிடிப்பு பிறகுதான் வந்தது.

அங்கே வேலை நடக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. அறுவை அரங்கில் டாக்டருக்கு அருகருகே இரண்டு மேசைகள். ஒரு மேசையில் கண்புரை எடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். அவரைத் தயார் செய்வது, மருந்து விடுவது, கருவிகளை எடுத்துக் கொடுப்பது எல்லாம் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்து வந்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெற்ற பெண்கள். அவர்கள் கை ஓடினால்தான் டாக்டர் கை ஓடும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதைத் தொழிற்சாலை என்பார்கள். ஆனால் கார் தொழிற்சாலையில் ஒரே திருகை முடுக்குகிறவர், அந்தக் கார் யாரை எங்கே ஏற்றிக்கொண்டு போகிறது என்று பார்ப்பதில்லை. இங்கே மறுநாள் காலை கட்டுப் பிரிப்பார்கள்.

என் அத்தைக்கு மதுரையில் கண் ஆபரேஷன் நடந்தபோது அதைப் பார்த்தேன். முதல் நாள் பயத்தில் கைகால் நடுங்கிய அத்தையிடம், சொட்டு மருந்து விட வந்த பெண் பேத்தி பெயர், ஊர்த் திருவிழா என்று ஏதேதோ கேட்டுப் பேச வைத்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் கட்டுப் பிரித்ததும் அத்தை கேட்டது, "நேத்துப் பேசிக்கிட்டே இருந்துச்சே, அந்தப் பிள்ளை எங்க?" என்றுதான். அந்தப் பக்கமாகப் போனவளைக் கூப்பிட்டுக் காட்டினோம். அத்தை அவள் கன்னத்தைத் தடவி, "இவ்வளவு சின்னப் பிள்ளையா நீ!" என்றாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்கும் அவள் அதே மருந்தைத்தான் வரிசையாகக் கண்களில் விட்டிருப்பாள். ஆனால் அது எதற்கு என்று யாரும் அவளுக்கு வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சேவை, அர்ப்பணிப்பு என்று பேசிச் சம்பளத்தைக் குறைக்கிற இடங்கள் உண்டு. அது அநியாயம். வீட்டு வாடகைக் கவலையோடு வருகிறவரிடம் வேலையின் உன்னதம் பேசக் கூடாது. கூலி ஒழுங்காகக் கிடைத்த பிறகு வருகிற பேச்சு இது.

நான் ஓய்வூதியப் பிரிவில் வேலை பார்த்தவன். எங்களுக்கு மனிதர்கள் எண்களாகத்தான் வருவார்கள். யார் மேசையில் கோப்பு கிடந்தது என்பதில்தான் எங்களுக்குள் சண்டையே. அப்போது வந்த ஓர் அதிகாரி, கோப்பு பார்க்கிறவர்களே முறை வைத்துக் கவுன்டரில் உட்கார வேண்டும் என்றார். முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தோம். கணவர் இறந்து, குடும்ப ஓய்வூதியத்துக்காக ஒரு சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்த பிறகு அந்தக் கோப்பை நாளைக்கு என்று தள்ள முடியவில்லை. எழுந்து பக்கத்து மேசைக்குப் போய், "அண்ணே, இத மட்டும் இப்பப் பாத்துடுங்க" என்று கேட்கப் பழகினோம். அவரும் பார்த்துக் கொடுத்தார். வேலை கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனாலும் அந்தப் பிரிவில் எனக்கு நல்ல நண்பர்கள் கிடைத்தது அந்தக் காலத்தில்தான். அதுவரை நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், அவ்வளவுதான்.

வேலையில் மகிழ்ச்சி இல்லை என்பவரை, மனப்பான்மையை மாற்றிக்கொள்ளச் சொல்வது சுலபம். பாதிப் பொறுப்பு வேலையைப் பிரித்துக் கொடுக்கிறவர்களுடையது என்பேன். உங்களுக்குக் கீழே நான்கு பேர் வேலை செய்கிறார்கள் என்றால், அவர்கள் செய்தது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதை ஒரு முறையாவது நேரில் காட்டுங்கள். முடிந்தால் இந்த வாரமே.