வெளிறிய நீலம்

கொழும்பின் புதுக்கடை நீதிமன்றத் தெருக்களில் காலை என்றால் கறுப்பு அங்கிகள், கோப்புக் கட்டுகள், அவசரம். செட்டியார் தெருக் கோயில்கள் அங்கிருந்து நடை தூரம்தான். பூக்காரரிடம் அலரியும் மல்லிகையும் எந்நாளும் இருக்கும். நீலோற்பலம் வரும் நாளில் வரும். சிங்களத்தில் அது மானெல்; விகாரைக்குப் போகிறவர்கள் மொட்டின் இதழ்களை விரலால் விரித்துப் புத்தர் முன் வைக்கிறார்கள். ஒரே குளத்துப் பூ, இரண்டு வாசல்களுக்கும்.

*

சிவபூசைக்குரிய எட்டுப் பூக்களைச் சைவ நூல்கள் எண்ணுகின்றன: புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டை, நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை. இவற்றில் நீரில் பிறந்தவை இரண்டே. காமனின் ஐந்து மலர்க் கணைகளிலும் அதே இரண்டும் உண்டு. தாமரை முதற்கணை; நீலம் கடைசிக் கணை, உயிரையே வாங்குவது. காமனை எரித்தவனுக்குக் காமனின் கணையையே எடுத்துச் சாத்துகிறோம். ஆசையைக் கொண்டுபோய் அடியில் வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பூ வேறெது?

*

நம் முன்னோர் கடலும் கடல்சார்ந்த நிலமும் ஆகிய திணைக்கு நெய்தல் என்று பெயரிட்டார்கள். நெய்தல் என்பது கழிகளில் பூத்த இதே நீல ஆம்பல். அத்திணைக்குரிய உணர்வு இரங்கல். வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டினால் கடல். இலக்கணப்படி அதுவும் நெய்தல் நிலமே. பூ இல்லை. கடலுக்கு அப்பால் போன பிள்ளைகளின் அழைப்புக்காகக் காத்திருக்கும் வீடுகள் மட்டும் அங்கே நிறைய.

*

இத்தீவைக் காக்கும் பொறுப்பைத் தேவர் தலைவன் சக்கரன் நீலோற்பல நிறத்துத் தேவனிடம் ஒப்படைத்தான் என்கிறது மகாவம்சம். உபுல்வன் எனப்படும் அந்தத் தேவன் தீவின் தென்முனையில், தெவிநுவரையில் கோயில் கொண்டான். தமிழில் அவன் தேனாவரை நாயனார். 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட, சீனக் கடற்தளபதி செங் ஹேயின் கல்வெட்டு மும்மொழிகளில் பேசுகிறது. சீன மொழியில் புத்தருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும் பொன், வெள்ளி, பட்டு முதலிய காணிக்கைகள். 1911இல் காலியில் கிடைத்த அந்தக் கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்தனர். கோயில் போன பின்னும் தேவனின் நிறம் குளங்களில் பூத்துக்கொண்டுதான் இருந்தது.

*

பூசைக்கு வெளியே இந்தப் பூவின் வாழ்வு எளிமையானது. தண்டின் நாரை உரித்துக் கறி வைப்பார்கள். கிழங்கை அவித்து உண்பார்கள். நாட்டு வைத்தியத்தில் பூ குளிர்ச்சிப் பொருள். உடற்சூட்டைத் தணிக்கவும் இரத்தப்போக்கை அடக்கவும் சேர்ப்பார்கள். வன்னிக் குளத்தோரத்தில் அரிசி தீர்ந்த வீட்டுக்கு ஆம்பல் கிழங்கும் சோறுதான்.

எகிப்தியர் இதன் நெருங்கிய உறவான நீல அல்லியை இறந்தவர்களுக்கு அணிவித்தார்கள். 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமூன் கல்லறையின் மாலைகளில் அதன் இதழ்கள் இருந்தன. மூவாயிரம் ஆண்டுக்கு மேல் உலர்ந்து கிடந்த இதழ்கள். பகலில் விரிந்து பின் குவிவதும் மறுநாள் மீண்டும் விரிவதும் அதன் இயல்பு. சூரியனையும் மறுபிறப்பையும் அவர்கள் அதில் கண்டார்கள்.

*

1986 பெப்ரவரி 26 அன்று நீலோற்பலம் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. பின்னர் பேராதனைத் தாவரவியலாளர்கள் ஆராய்ந்தபோது ஒன்று தெரியவந்தது. படங்களிலும் பூந்தொட்டிகளிலும் தேசிய மலராகக் காட்டப்பட்ட அடர்ஊதாப் பூ இந்நாட்டுக்குரியது அல்ல, வெளியிலிருந்து வந்த கலப்பினம். உள்நாட்டுப் பூ அடக்கமானது. இதழ் குறைவு, நீலம் வெளிறியது, சிலவேளை வெள்ளையை நெருங்குவது.

யாரும் ஏமாற்றவில்லை. காவியங்கள் மேனிக்கும் கண்ணுக்கும் உவமை சொல்லிச் சொல்லி நம் மனத்தில் ஒரு நீலத்தை வளர்த்துவிட்டன. குளத்துப் பூவால் அந்த அளவுக்கு நீலமாக இருக்க முடியாது. அந்தக் குறையை நிரப்ப இன்னொரு பூ வந்தது. நாமும் கேள்வி கேட்காமல் அதை ஏற்றோம், ஏனெனில் அது நம் கற்பனையை ஒத்திருந்தது.

மனிதரிடமும் இப்படித்தான் நடந்துகொள்கிறோம். தாயையோ நண்பரையோ நினைவில் அடர்த்தியாக்கி வைத்துக்கொண்டு, எதிரே நிற்பவரிடம் நிறம் போதவில்லை என்று குறைப்படுகிறோம். பக்தி என்பது நிறத்தைக் கூட்டுவது என்று வெகுகாலம் எண்ணியிருந்தேன். இப்போது, கூட்டாமல் பார்ப்பதே கடினமான பக்தி என்று தோன்றுகிறது.