கொல்லனின் கடன்

புறநானூற்றில் வரும் பொன்முடியாரின் சிறு பாட்டொன்று நமது பாடசாலைகளிலே தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டு வருகின்றது. தாய்க்கும் தந்தைக்கும் வேந்தனுக்கும் போர்முனை செல்லும் இளைஞனுக்கும் உரிய கடன்களை வரிசைப்படுத்தும் அப்பாட்டு, கொல்லனையும் மறந்துவிடவில்லை. போருக்கு வேண்டிய வேலினை ஆக்கி அளிப்பதே அவனுக்குரிய கடன் என்று அது விதிக்கின்றது. ஆக்கி அளித்த வேல் எவர் மார்பிற் பாயும், எந்த நியாயத்தின் பொருட்டுப் பாயும் என வினவும் கடனும் அவனுக்கு உண்டா என்பது பற்றிப் பாட்டு எதுவும் கூறவில்லை. கூறாததில் வியப்புமில்லை. அக்காலக் கொல்லனும் அவனிடம் வேல் பெற்ற வீரனும் ஒரே சமூகத்து மக்கள். தம்மவரின் பகை எது, போர் எது என்பதை இருவரும் ஒருங்கே அறிந்திருந்தனர்.

இன்றைய நிலைமை வேறு. ஒரு தேசிய இராணுவத்தின் போர்விமானத்தையோ டாங்கியையோ கப்பலையோ தனியொருவன் ஆக்குவதில்லை. உருக்கை வார்ப்பவன் ஒரு நாட்டில், இயந்திரத்தைப் பூட்டுபவன் இன்னொரு நாட்டில், மின்கருவிகளைப் பொருத்துபவன் மற்றொரு நாட்டில் இருக்கின்றான். அவர்களுள் எவனும் தான் ஆயுதம் செய்வதாக எண்ணவேண்டிய அவசியமில்லை. ஒருவன் திருகாணி செய்கின்றான். ஒருவன் குழாய் செய்கின்றான். ஒருவன் கணக்குப் போடுகின்றான். வேலை இவ்வாறு பங்கிடப்படும்போது பொறுப்பும் பங்கிடப்பட்டு, ஈற்றில் எவர் கையிலும் எஞ்சாது கரைந்துபோகின்றதா? அன்றேல், பங்குகொண்ட ஒவ்வொருவரிடமும் அது தங்கி நிற்கின்றதா? நவீன ஆயுதங்கள் பற்றி எழும் அறவியல் வினாக்களுள் இதுவே அடிப்படையானது என்பது நமது கருத்து. வெறுங் கோட்பாட்டு நிலையில் நின்று விடை தேடுவதிலும், இவ்வினாவைத் தம் தொழிலிடத்திலே நேர்நின்று சந்தித்த தொழிலாளரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது பயனுடையதாகும்.

1970 ஆம் ஆண்டு சிலி நாட்டு மக்கள் தேர்தல் மூலம் சல்வடோர் அலெண்டேயை ஜனாதிபதியாக்கினர். சோஷலிசத்தை வாக்குச்சீட்டின் வழியே அடைய முயன்ற அவரது அரசாங்கம், பெருஞ் செப்புச் சுரங்கங்களை 1971 இல் தேசியமயமாக்கியது, நிலச்சீர்திருத்தத்தை விரைவுபடுத்தியது. 1973 செப்டெம்பர் 11 ஆம் திகதி ஆயுதப் படைகள் அவ்வரசுக்கு எதிராக எழுந்தன. நண்பகலை அண்டிய வேளையிலே, தலைநகர் சந்தியாகோவின் நடுவேயுள்ள லா மொனேடா என்னும் ஜனாதிபதி மாளிகை மீது சிலி விமானப்படையின் ஹோக்கர் ஹன்டர் விமானங்கள் ராக்கெட்டுகளைப் பொழிந்தன. மாளிகை தீப்பற்றி எரிந்தது. அலெண்டே அன்றே அங்கே உயிர்நீத்தார். தளபதி பினோஷேயின் தலைமையில் அமைந்த இராணுவ ஆட்சி 1990 வரை நீடித்தது. அவ்வாட்சியின் கையில் 3,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமலாக்கப்பட்டனர். பல்லாயிரவர் சித்திரவதைக்கு உள்ளாயினர்.

ஹோக்கர் ஹன்டர் பிரித்தானிய விமானம். 1951 இல் முதன்முதலாகப் பறந்தது. ஏறத்தாழ 2,000 விமானங்கள் கட்டப்பட்டுப் பல நாடுகளின் படைகளிற் சேர்ந்தன. அதனை இயக்குவது றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தின் ஏவன் என்னும் தாரை இயந்திரம். இத்தகைய இயந்திரம் குறித்த மணித்தியாலங்கள் ஓடியபின் கழற்றப்பட்டு, உறுப்புகள் பரிசோதிக்கப்பட்டு, தேய்ந்தவை மாற்றப்பட்டு, மீளப் பூட்டப்படல் வேண்டும். இல்லையேல் விமானம் தரையிலே கிடக்கும் இரும்புக் கூடு. சிலி நாட்டு ஹன்டர்களின் இயந்திரங்கள் இப்பணிக்காகக் கடல்கடந்து, ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு அருகிலுள்ள ஈஸ்ட் கில்பிரைட் தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டன.

1974 மார்ச் மாதத்தில், அத்தொழிற்சாலையிற் பரிசோதகராகப் பணிபுரிந்த பொப் ஃபுல்டன் என்பவர், தம் முன் வந்த இயந்திரம் சிலியினுடையது என்பதைக் கண்டார். லா மொனேடா எரிந்த காட்சியை உலகம் கண்டு ஆறு மாதங்களே கழிந்திருந்தன. அவ்வியந்திரத்தில் தாம் கைவைக்கப்போவதில்லை என அவர் அறிவித்தார். உடன் தொழிலாளர் அவர் பக்கம் நின்றனர். தொழிற்சங்கம் அம்முடிவைத் தன் முடிவாக ஏற்றுக்கொண்டது. இயந்திரங்கள் பெட்டிகளில் இடப்பட்டுத் தொழிற்சாலையின் பின்முற்றத்தில் வைக்கப்பட்டன. ஸ்கொத்லாந்தின் மழையிலும் பனியிலும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அவை அங்கே கிடந்தன. 1978 ஓகஸ்டில் ஓர் இரவு லொறிகள் வந்து அவற்றை ஏற்றிச் சென்றன. பல ஆண்டுகளின் பின், 2015 இல், ஜனநாயகத்துக்கு மீண்ட சிலி அரசு அத்தொழிலாளருள் மூவருக்கு நாட்டின் உயர் விருதை வழங்கிச் சிறப்பித்தது.

இதனோடு ஒப்புநோக்க வேண்டியது அன்றைய பிரித்தானிய அரசின் நடத்தையாகும். 1971 இல் நட்டத்தில் வீழ்ந்த றோல்ஸ் றோய்ஸ் விமான இயந்திரத் தொழிலை அரசே பொறுப்பேற்றிருந்தது. 1974 மார்ச்சில் பதவிக்கு வந்த தொழிற்கட்சி அரசாங்கம் சிலிக்குப் புதிய ஆயுத விற்பனையை நிறுத்தியது; ஆயினும், முன்னரே ஒப்பந்தமான போர்க்கப்பல்களைக் கையளிக்க முடிவுசெய்தது. கண்டனம் ஒருபுறம், கையளிப்பு மறுபுறம். அமைச்சரவையிலே தீராத முரண்பாட்டை ஒரு பட்டறையின் தொழிலாளர் தம் வேலைமேசையிலேயே தீர்த்துவிட்டனர்.

இங்கு எழும் மறுப்புகளை நாம் ஒதுக்கிவிடலாகாது. முதலாவது மறுப்பு பழமையானது: கருவிக்கு அறமில்லை; கத்தி காய்கறியும் நறுக்கும், கழுத்தையும் அறுக்கும்; குற்றம் கையினுடையது என்பர். இதில் ஓரளவு உண்மையுண்டு. லா மொனேடாவை எரித்த அதே ஹன்டர் இனத்து விமானங்கள்தாம், 1971 டிசெம்பரில் இராஜஸ்தான் பாலைவனத்தின் லொங்கேவாலாவிலே, எல்லை கடந்து வந்த பாக்கிஸ்தானிய டாங்கிகளைத் தாக்கி ஒரு சிறு இந்தியக் காவல்நிலையைக் காத்தன. 1941 இல் ஹிட்லரின் படைகள் நெருங்கியபோது, கார்கோவ் நகரின் டாங்கித் தொழிற்சாலை யூரல் மலைப்பகுதிக்குப் பெயர்த்துச் செல்லப்பட்டது. டி-34 டாங்கிகளை இரவும் பகலும் கட்டிய சோவியத் ஆண்களும் பெண்களும் அவ்வேலையை மறுத்திருந்தால் பாசிசம் வென்றிருக்கும். ஆகவே ஆயுதம் செய்தல் எப்போதும் தீது என்ற பொது விதியை நாம் நிறுவ முடியாது.

ஆனால் இவ்வுதாரணங்கள் எதை நிறுவுகின்றன? யூரலில் டாங்கி கட்டியவர் தம் உழைப்பு எங்கே போகின்றது, யாரைக் காக்கின்றது என்பதை நன்கு அறிந்து கட்டினர். ஈஸ்ட் கில்பிரைட்டில் இயந்திரத்தை மறுத்தவரும் தம் உழைப்பு எங்கே போகின்றது, யாரைக் கொல்கின்றது என்பதை அறிந்தே மறுத்தனர். ஒருவர் செய்தார், ஒருவர் மறுத்தார். இருவர் செயலுக்கும் அடிப்படை ஒன்றே. தொழிற்சாலை வாயிலோடு தம் பொறுப்பு முடிந்துவிடுகின்றது என்ற கூற்றை இரு சாராரும் ஏற்கவில்லை. கருவிக்கு அறமில்லை என்பதனாலேயே, அதனை ஆக்குபவனுக்கு அறம் இருந்தாக வேண்டும். கூலியைப் பெற்றுக்கொண்டு பொருளின் பயனை மறந்துவிடு என்பதே முதலாளித்துவ உற்பத்திமுறை தொழிலாளிக்கு இடும் கட்டளை. தன் கைப்பொருள் தனக்கு அந்நியமாகிப் போகும் அந்நிலையிலிருந்து மீள்வதற்கு, இது யாருக்காக என்ற கேள்வி முதற்படியாகின்றது.

இரண்டாவது மறுப்பு இது: நீ மறுத்தால் இன்னொருவன் செய்வான், உன் மறுப்பால் உலகில் எதுவும் மாறாது. இம்மறுப்பு தனிமனிதனை நோக்கியே வலுவுடையது. ஃபுல்டன் ஒருவர் மட்டும் விலகியிருந்தால் அடுத்த மேசைக்காரர் அவ்வேலையை முடித்திருப்பார். எல்லா மேசைகளும் ஒன்றாக மறுத்தபோதுதான் இயந்திரம் முற்றத்துக்குச் சென்றது. 1920 மே மாதத்தில், சோவியத் ருஷ்யாவுக்கு எதிராகப் போரிட்ட போலந்துக்கு ஆயுதங்கொண்டு செல்லவிருந்த ஜொலி ஜோர்ஜ் என்ற கப்பலில் லண்டன் துறைமுகத் தொழிலாளர் சரக்கேற்ற மறுத்தமையும் கூட்டுச் செயலே. 2019 மே மாதத்தில், யேமன் போரில் ஈடுபட்டிருந்த சவூதி அரேபியாவுக்குரிய மின்பிறப்பாக்கிகளை இத்தாலியின் ஜெனோவாத் துறைமுகத் தொழிலாளர் ஏற்ற மறுத்தனர். கப்பல் அவற்றை விட்டுவிட்டே புறப்பட்டது. மின்பிறப்பாக்கி எவரையும் சுடுவதில்லை. ஆயினும் இன்றைய இராணுவத்தின் வலிமை துப்பாக்கியில் மாத்திரம் இல்லை. லொறியில், எரிபொருளில், உதிரிப்பாகத்தில் எல்லாம் பரந்து கிடக்கின்றது. பொறுப்பு எங்கெல்லாம் பரந்து கிடக்கின்றதோ, மறுக்கும் ஆற்றலும் அங்கெல்லாம் பரந்து கிடக்கின்றது.

மூன்றாவது மறுப்பே நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது. அது வயிற்றின் மறுப்பு. ஆயுதத் தொழிலில் உள்ளவனுக்கும் மனைவி மக்கள் உண்டு. வேலையை இழந்தால் அவர்களுக்குச் சோறிடுவது யார்? அறத்தைப் போதிப்பவர் இதற்கு விடை கூறாவிடின் அவர் போதனை வெறும் உபதேசமாகும். 1976 இல் பிரித்தானியாவின் லூகாஸ் விமானப்பாக நிறுவனத் தொழிலாளர் ஒரு விடை கண்டனர். ஆட்குறைப்பு அச்சுறுத்திய வேளையில், போர்விமானங்களுக்குப் பாகங்கள் செய்த அதே கைத்திறனையும் அதே பொறிகளையும் கொண்டு என்னென்ன செய்யலாம் என அவர்கள் ஒரு திட்டம் வகுத்தனர். சிறுநீரக நோயாளருக்கான இரத்தச் சுத்திகரிப்புப் பொறி, வெப்பப் பம்பி, வீதியிலும் தண்டவாளத்திலும் ஓடக்கூடிய வண்டி என ஏறத்தாழ 150 பொருள்கள் அதில் இடம்பெற்றன. நிருவாகம் அதனை ஏற்கவில்லை. எனினும், வயிற்றையும் மனச்சாட்சியையும் எதிரெதிரே நிறுத்துவது இயற்கையின் விதியன்று, உடைமை உறவுகளின் விதி என்பதை அத்திட்டம் தெளிவாக்கியது.

இவை பழைய பட்டறைகளின் கதைகள், இன்றைய உலகுக்குப் பொருந்தா என எவரும் கருதவேண்டியதில்லை. ஆளில்லா விமானம் எடுக்கும் படங்களைக் கணினி கொண்டு ஆராயும் அமெரிக்க இராணுவத் திட்டமொன்றிலே தம் நிறுவனம் பங்குகொள்ளலாகாது என 2018 இல் கூகிள் ஊழியர் 3,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டுக் கோரினர். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என நிறுவனம் அவ்வாண்டே அறிவித்தது. தன் செயற்கை நுண்ணறிவை ஆயுதங்களுக்குப் பயன்படுத்துவதில்லை எனவும் உறுதி கூறியது. 2025 பெப்ரவரியில் அவ்வுறுதிமொழி அதன் கொள்கை ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது. முதலாளி தந்த வாக்குறுதி முதலாளியாலேயே மீளப்பெறப்படும். தொழிலாளரின் ஒற்றுமை தளராதிருக்கும் வரையே அதற்கு உயிர் உண்டு.

ஈஸ்ட் கில்பிரைட்டின் மறுப்பு பினோஷேயை வீழ்த்தவில்லை. இதனை மறைக்கவேண்டியதில்லை. சில இயந்திரங்களை நான்கு ஆண்டுகள் வானுக்கு எட்டாது நிறுத்தியது, அவ்வளவே. எனினும், ஒரு செயலின் நியாயத்தை அதன் வெற்றியைக் கொண்டு மாத்திரம் அளப்பது வணிகரின் அளவுகோல். தாம் கண்டறியாத ஒரு மக்கள்கூட்டத்தின் துயரைத் தம் மேசைமேல் இருந்த உலோகத்தில் அடையாளங்கண்டதே அத்தொழிலாளரின் பெருமை.

இந்த அடையாளங்காணலின் அருமை இலங்கையில் வாழும் நமக்கு விளங்காததன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே, வடக்குக் கிழக்கின் குழந்தைகள் வானத்து இரைச்சலைக் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடும்போது கூவிய சொல் 'கிபிர்' என்பதாகும். அது இஸ்ரவேலிற் கட்டப்பட்ட விமானமொன்றின் பெயர். அதன் இயந்திரமோ அமெரிக்க வடிவமைப்பு. எதிர்த்தரப்பு ஏந்திய ஆயுதங்களுட் பலவும் கடல் கடந்தே வந்தன. அவற்றை ஆக்கியவருள் எத்தனை பேர் அக்குழந்தைகளின் ஊர்ப்பெயர்களையேனும் கேட்டிருப்பர்?

நமது மாணவர் பலர் நாளை பொறியியலாளராகவும் கணினி வல்லுநராகவும் உலகின் பல நாடுகளிற் பணிபுரியப் போகின்றனர். பௌதிகத்தையும் கணிதத்தையும் கற்பிக்கும் ஆசிரியர் அவர்களுக்கு வேல் வடிக்கும் வித்தையைக் கற்பிக்கின்றார். பொன்முடியாரின் பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர், அதிற் கூறப்படாத இன்னொரு கடனையும் வகுப்பறையிலே விவாதத்துக்கு வைக்கலாம். இவ்வேல் யாருக்காக என்று கேட்பதும், விடை தகாததாயின் உலைக்களத்தில் உள்ள அனைவரும் ஒன்றாகச் சுத்தியலைக் கீழே வைப்பதும் இன்றைய கொல்லனின் கடனாகும்.